விரல் அறியும் மேசை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்தனவா?

கல்லூரி ஆய்வறையில் நானே செய்த தொடுமேசையைப் பேராசிரியர் நேற்று பார்க்க வந்தார். அவர் திருப்திப்பட்டால்தான் என் படிப்பு முடியும். மேசையின் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகைக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஓடும். விரல் பட்ட இடத்தில் அது கீழே சிதறும். அடியிலுள்ள கேமரா அதைப் பிடித்துத் திரையில் புள்ளியாகக் காட்டும்.

அவர் தொட்டதும் திரையில் புள்ளிகள் மின்னின. "இப்ப நீங்க தொடுங்கம்மா" என்றார். நான் பத்து விரலையும் வைத்தேன். பெற்றவளையே தெரியாத பிள்ளைபோல மேசை சும்மா கிடந்தது.

குளிரில் என் விரல்கள் வெடித்துக் காய்ந்திருந்தன. ஈரப்பசை இல்லாவிட்டால் ஒளி சிதறாது. நல்லவேளை, பயத்தில் நெற்றி வியர்த்திருந்தது. அதையே விரல்களில் தடவித் தொட்டேன். பத்துப் புள்ளிகளும் எரிந்தன.

"வேர்வை சிந்திப் படிச்சேன்னு நீங்க தாராளமா சொல்லிக்கலாம்" என்று சிரித்தார். தேறிவிட்டேன்.

வெடிப்பு என்றதும் பதறாதீர்கள். நீங்கள் காய்ச்சும் எண்ணெயில் ஒரு பாட்டில் அனுப்பினால் போதும். விரலுக்கு நானே பூசிக்கொள்வேன். நீங்கள் தேய்த்துவிடும் முதுகுக்குத்தான் என் கை எட்டுவதில்லை.

கல்லூரிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்