வேட்டி அவிழ்கிற அண்ணாச்சி

செப்டம்பர் 19, வியாழன்

நாள் முழுக்க மழை. நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்தேன்.

சாயங்காலம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் ரோஹன் ஒரு ஸ்டிக்கர் போட்டான். வேட்டி காலடியில் கிடக்க, பட்டாபட்டி டிரவுசரோடு வாயைப் பிளந்து நிற்கும் ஓர் ஆள். கணக்கு மார்க் வந்ததற்காம். எல்லோரும் சிரித்திருந்தார்கள். நானும் ஒரு சிரிப்பு போட்டேன். போடாவிட்டால் சந்தேகம் வரும் அல்லவா?

அந்த ஆள் என் அப்பா.

வகுப்பில் யாருக்கும் தெரியாது. அப்பா இப்போது தாடி வைத்திருக்கிறார். பள்ளிக்கு அம்மாதான் வருவாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

டிவியில் மறுபடியும் அந்தப் பழைய மலையாளத் தொடர். நான் பிறப்பதற்கு முன் எடுத்தது. அப்பா அதில் இஸ்திரி போடும் தமிழர், ‘அண்ணாச்சி’. வீட்டுக்காரராக வரும் ஹரிஷங்கர் மாமா திட்டித் துரத்துவார், அப்பா ஓடுவார், வேட்டி அவிழும். ஒவ்வொரு வாரமும்.

“ஏன்ப்பா அப்படித் தமிழ் பேசறீங்க? நம்ம ஆளுங்க யாரும் அப்படிப் பேசறதில்லையே.”

“எழுதிக் குடுத்தது அப்படி. நம்ம தமிழ்லயும் பேசிக் காட்டினேன். யாரும் சிரிக்கல.”

பிறகு எழுந்து நின்று வேட்டி முடிச்சைக் காட்டினார். இடது கைக் கட்டைவிரலால் தொட்டால் போதும், அவிழ்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சாம். முகத்தில் அவ்வளவு பெருமை. நான் சேனலை மாற்றச் சொன்னேன். உடனே மாற்றிவிட்டார்.

செப்டம்பர் 26, வியாழன்

ஸுப்ரியா டீச்சர் வராந்தாவில் நிறுத்தினார்.

“மோளே, இஸ்திரி அண்ணாச்சி உன் அச்சனா? இத்தனை நாள் ஏன் சொல்லலை? நம்ம ஸ்கூல் கலோத்சவத்தைத் தொடங்கி வைக்க வருவாரான்னு கேட்டுச் சொல்லு.”

அப்பா கடைசியாக மேடை ஏறியது வைப்பின் தீவில் ஒரு செருப்புக் கடைத் திறப்பு விழாவில். அதற்கே புதுச் சட்டை தைத்தார். இப்போது கேட்டரிங்கில் பந்தி கவனிக்கிறார். போன் அடித்தால் இன்னும் ஓடிப் போய்த்தான் எடுக்கிறார்.

இரவு கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

“அப்பாவுக்கு அன்னைக்கு ஷூட்டிங், டீச்சர்.”

என் குரல் நடுங்கக்கூட இல்லை. சீ.

அக்டோபர் 4, வெள்ளி

கலோத்சவம். அப்பாவுக்குப் பதிலாக வந்தவர் ஹரிஷங்கர் மாமா. மைக்கில் சொன்னார்: “முதல்ல மாரிச்செல்வத்தைத்தான் கூப்பிட்டாங்களாம். அவனுக்கு ஷூட்டிங்காம். கேட்டதும் மனசு நிறைஞ்சு போச்சு. அவனை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். அவன் மகள் இங்கதானே படிக்கிறா? மகா, எங்க இருக்கே?”

எல்லாத் தலையும் திரும்பியது. ரோஹன் தலையும்.

தமிழ்ச் செய்யுள் ஒப்பித்ததில் எனக்கு முதல் பரிசு. எப்படிச் சொன்னேன் என்றே நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாடா ஹரி... ஷூட்டிங்தான்... சின்ன வேஷம்... ஒரு நாள்தான்.” என்னைப் பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு, “சோறு போடு” என்றார் அம்மாவிடம். அப்புறம் என்னிடம்: “ஜெயிச்சியாமே. அந்தச் செய்யுளைச் சொல்லு, கேப்போம்.”

முதல் அடியே வரல.

அக்டோபர் 5, சனி

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

அக்டோபர் 7, திங்கள்

ரோஹன் வந்து ஸாரி சொன்னான். ஸ்டிக்கரை அழித்துவிட்டானாம். “உன் அச்சன்னு தெரியாது. ஆனா நீயும்தானே சிரிச்சே?” கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

அக்டோபர் 10, வியாழன்

சொல்லிவிட்டேன். அப்பா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர் உங்களைத்தான் கூப்பிட்டாங்கப்பா. நான்தான்—”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் ஹரிஷங்கர் மாமாகிட்ட...”

“டயலாக்கை நீ எழுதிட்ட. நடிச்சுத்தானே ஆகணும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் காயப்போட்ட சட்டையையே மறுபடி எடுத்து உதறினார். திரும்பவே இல்லை. நான் பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

பள்ளியில் பெற்றோர் கூட்டம். அம்மா வேண்டாம், அப்பாதான் வரணும் என்று நேற்றே சொல்லியிருந்தேன்.

காலையில் வெள்ளை வேட்டியோடு கண்ணாடி முன் நின்றார். “பேண்ட் போட்டுட்டுப் போங்களேன்” என்றாள் அம்மா.

“மகா சொல்லட்டும்.” கண்ணாடிக்குள் இருந்து என்னைப் பார்த்தார்.

“வேட்டியே இருக்கட்டும்பா.”

படகுத்துறை வழியாக நடந்தோம். பள்ளி வாசல் தெரிந்ததும் குனிந்து என் காதில் சொன்னார்: “ரெட்டை முடிச்சு போட்டிருக்கேன். பயப்படாதே.”

சிரிக்க நினைத்தேன், கண்தான் கலங்கியது.

வாசலில் நின்ற பத்தாம் வகுப்புப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். “அண்ணாச்சி, வேட்டி! வேட்டி!” என்று கத்தினார்கள். அப்பா நின்று, சிரித்து, வலது கையைத் தூக்கி ஆட்டினார்.

இடது கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.