இரண்டு தடவை வந்த மழை அளவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்க மனசு வரவில்லை, விசாரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனை அணைத்துவிட்டாய், வாட்ஸ்அப் மழைக் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். உன் ஆபீஸ் நண்பர் இங்கே லீவுக்கு வந்திருக்கிறார், நாளைக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

வீட்டைக் கழுவி முடித்தாயிற்று. சேறு போய்விட்டது, நாற்றம் போகவில்லை. உன் அத்தானுடைய அச்சகத்தின் ஷட்டரை வெட்டி எடுத்துவிட்டார்கள். உள்ளே காகிதக் கட்டெல்லாம் ஊறி உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறதாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை, இனிப் போவதாகவும் இல்லை.

என் மகள், உன் மருமகள், வானம் கறுத்தாலே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுகிறாள். திட்டினாலும் இறங்குவதில்லை. இப்போதெல்லாம் நான் திட்டுவதையும் விட்டுவிட்டேன்.

போன வாரம் மலை டீச்சர் வந்திருந்தார். இத்தனை வருஷம் குழுவில் பேசியும் அவரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உங்கள் மூன்று பேருக்கும் இருந்த பைத்தியம் ஊர் உலகத்தில் யாருக்கும் இருக்காது. மேலே மலையில் டீச்சர் மழையை அளப்பார், நம் மொட்டை மாடியில் உன் அத்தான் அளப்பார், நீ அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஆறு என்ன செய்யும் என்று சாயங்காலம் எழுதுவாய். கடலில் புயல் உருவானால் போதும், வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி உங்களுக்குத் தலைகால் புரியாது. மழை வரும் என்று கொளுத்தும் வெயிலில் உன் அத்தான் குடையோடு போவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

டீச்சர் வந்து உட்கார்ந்து, தான் அனுப்பியதைப் போனில் எடுத்துக் காட்டினார். பிறகுதான் சொன்னார். வெள்ளம் வந்த அன்றைக்கு மழைமானி விளிம்பு வரை நிரம்பி, நூற்றைம்பது மில்லிமீட்டர் என்று அனுப்பினாராம். கொட்டிவிட்டுத் திரும்ப வைத்தாராம். அதுவும் நிரம்பி, மறுபடி நூற்றைம்பது என்று அனுப்பினாராம். மலையில் சிக்னல் சரியில்லாமல் அவர் அனுப்புவது பல சமயம் இரண்டு தடவை வந்து விழும், தெரியும்தானே. டீச்சர் இல்லையா, எதையும் ரெண்டு தடவை சொல்லுவாங்க என்று உன் அத்தான்தான் கேலி செய்வார். அன்றும் அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்தோம். நீயும் ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தாய். ஆறு கரைக்குள்ளேதான் ஓடும், நிம்மதியாத் தூங்குங்க என்று எழுதினாய்.

அரைகுறையாக நின்ற வினாத்தாள் வேலையை முடிக்க உன் அத்தான் அச்சகத்துக்குக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். உன் தம்பியே சொல்லிட்டான், அப்புறம் என்ன பயம் என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுப் போனார். தண்ணீர் ஏறிய பிறகு ஷட்டரை உள்ளேயிருந்து தூக்க முடியவில்லை.

கொட்டிட்டுத் திரும்ப வச்சேன்னு ஒரு வரி சேர்த்து எழுதாம விட்டுட்டேனே என்று டீச்சர் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

உன்னிடம் மறைக்க எனக்கு எதுவும் இல்லை. உன் மேல் கோபம் இருந்தது. அடக்கத்துக்கு வந்த நீ என் முகத்தைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாயே, அன்றைக்குப் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். அது முழுசாக ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீயும் இல்லாமல் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கடலில் மறுபடியும் ஒன்று உருவாகிறதாம். குழுவில் கண்டவர்களும் கண்டதை அனுப்புகிறார்கள். ஊரே மூழ்கும் என்கிறான் ஒருவன், தூறலோடு சரி என்கிறான் இன்னொருவன். தெருவில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். டீச்சர் திரும்ப அளக்கத் தொடங்கிவிட்டார், ஒவ்வொரு தடவையும் கொட்டினேனா இல்லையா என்று பக்கத்திலேயே எழுதுகிறார். மாடி மழைமானியில் இருப்பதைக் காலையில் நான் பார்த்துப் போடுகிறேன். கூட்டிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் இன்னும் மூட்டை கட்டவில்லை. நீ கிளம்பு என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த நிமிஷமே கிளம்புவேன். இரு என்றால் இருப்பேன். உனக்கே உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது, அப்போதும் கிளம்பிவிடுவேன். வேறு எவன் பேச்சையும் நம்பி என் பிள்ளையோடு நான் வாசலைத் தாண்டப் போவதில்லை.

நன்றாயிரு தம்பி. இதைப் படித்ததும் போனை ஆன் பண்ணு.

உன் அக்கா