சாமை நனையாத வருடம்

இன்று காலை பொன்னியின் காட்டில் எல்லோரும் களையெடுத்துக்கொண்டிருந்தோம். மேட்டுப் பாதையில் போன ஃபாரஸ்ட் கார்டு எதற்கோ ஊதலை ஊதினான். அவ்வளவுதான், குனிந்திருந்த நான் விறைப்பாக நிமிர்ந்து, களைக்கொத்தைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றுவிட்டேன். காடே சிரித்தது. "என்னடி, உன்ற மேஸ்திரி எந்திரிச்சு வந்துட்டாரா?" என்றாள் பொன்னி. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆனால் வயிறு எரிந்தது. நீ மண்ணுக்குள் போன பிறகும் என் முதுகு உன் ஊதலுக்குக் கட்டுப்படுகிறதே, அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உயிரோடு இருந்தவரை உன்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டேன். அது புருஷனுக்குக் கொடுத்த மரியாதை. இனி என்ன வந்தது, நீ என்றே எழுதுகிறேன். இந்த எழுத்துகூட நீ சொல்லிக்கொடுத்ததுதான். மூட்டைக்கு அடையாளம் போட இன்னொரு ஆள் தேவைப்படாது என்று, கரித்துண்டால் தரையில் எழுதிக் காட்டினாய். அதை வைத்தே உன்னைத் திட்டுகிறேன். கற்றுக்கொடுத்தது வீணாகவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொள்.

ஏற்காட்டில் வெள்ளைக்காரன் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த நீ, உன் அப்பன் செத்ததும் காட்டைப் பார்க்கத் திரும்பி வந்தாய். கழுத்தில் அந்த ஊதல் தொங்கியது. நம் மலையில், இந்த வாழவந்தி நாட்டில், சேவலுக்கு முன்னால் எழுந்த ஒரே பிராணி நீதான். "மலைக்காரனுக்கு நேரத்தோட அருமை தெரியறதில்ல" என்பாய், என்னவோ நீ சீமையில் பிறந்தவன் மாதிரி.

"போறப்ப எரு, வர்றப்ப விறகு." இதுதான் நீ எனக்குச் சொன்ன முதல் கொஞ்சல் வார்த்தை. எருக்கூடை இல்லாமல் காட்டுக்குப் போகக் கூடாது, விறகுச் சுமை இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. ஊற்றுக்குப் போனால் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அடுப்பை வாசல் பக்கம் மாற்றிப் போட்டாய். களி கிண்டிக்கொண்டே காட்டில் பன்றி இறங்குகிறதா என்று பார்க்கலாமாம். சாமை குத்த பொன்னி வருவாள். ஒரே உரலில் எங்கள் இரண்டு உலக்கையும் மாறி மாறி விழும், வாயும் சேர்ந்து ஓடும். "பேசிக்கிட்டே குத்துனா ஒலக்கை தூங்கிப்போவும்" என்று அவளை வர விடாமல் செய்தாய். நான் தனியாகக் குத்தினேன். குத்தும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன், உரலுக்குள்.

பொய் சொல்ல மாட்டேன், முதல் வருடமே குதிர் நிறைந்தது. கேழ்வரகை வைக்க இடமில்லாமல் புதிதாக இன்னொரு குதிர் செய்தோம். மேஸ்திரி பெண்டாட்டி என்று ஊர்ப் பெண்கள் சொன்னபோது எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது.

அதோடு நின்றிருக்கலாம் நீ. மாத்தாளில் கை வைத்தாய். இன்றைக்கு ஊரே உன் காட்டில், நாளைக்கு நீ அவன் காட்டில். அப்படித்தான் இந்த மலையில் களையும் அறுப்பும் நடந்துகொண்டிருந்தன. காட்டுக்காரன் வீட்டில் மத்தியானம் களியும் மொச்சைக் குழம்பும். உனக்கு அது ஆகவில்லை. "பத்துப் பேரு கதை பேசிக்கிட்டு எடுக்கற களையை நாம ரெண்டு பேரு வாயை மூடிக்கிட்டு எடுத்துப்புடலாம்" என்றாய். கூப்பிட வந்த பொன்னியின் புருஷனை வாசலிலேயே நிறுத்தி, "எங்கூட்ல இருந்து இனிமே ஆளு வராது. நீங்களும் வர வேண்டாம்" என்றாய். அந்த மனுஷன், "சரிங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு நம் வாசலை ஒருத்தரும் மிதிக்கவில்லை.

எனக்கு வலி கண்டது சாமை அறுப்பு நேரத்தில். தலைப்பிள்ளை. ஒரு பகலும் இரவும் போய் விடிந்தும் பிறக்கவில்லை. மருத்துவம் பார்த்த கிழவி கையைத் துடைத்துக்கொண்டு, "குறுக்க கெடக்குது சாமி, கீழ்நாட்டு ஆசுபத்திரிக்குத்தான் தூக்கோணும்" என்றாள். யார் தூக்குவார்கள்? ஒற்றையடிப் பாதை, தோள் மாற்ற எத்தனையோ பேர் வேண்டும். நீ அவர்களை விரட்டி வைத்திருந்தாய்.

வந்தார்கள். நீ கூப்பிடவில்லை, கிழவி போய்ச் சொன்னாள். பொன்னியின் புருஷன் மூங்கிலோடு வந்தான், அவன் பின்னால் ஊர் ஆண்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு குத்தல் பேச்சு வரவில்லை. கம்பளியில் என்னைக் கிடத்தி மூங்கிலில் கட்டினார்கள்.

"ஏனுங்க, நீங்களும் வாரீங்களா?" என்று கேட்டேன்.

நீ வானத்தைப் பார்த்தாய். மேகம் கூடியிருந்தது. "தூக்கறதுக்குத்தான் ஆளு இருக்குதே. நான் கூட நடந்து என்ன ஆவப்போவுது? வெறும் நடை. சாமை நனைஞ்சா வருசமே போச்சு" என்றாய். அத்தோடு விட்டாயா? தூக்கியவர்களைப் பார்த்து, "வளைவுக்கு வளைவு தோள் மாத்துங்க, வெரசா எறங்கலாம்" என்று மேஸ்திரி வேலை வேறு. அட பாவி.

பொன்னிதான் கூட நடந்தாள். பாதை அகலமாக இருந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குறுகிய இடத்தில் பின்னால் வந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கறன், இருக்கறன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வேறொன்றும் செய்யவில்லை. அதனால்தான் நான் பிழைத்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். குழந்தை பிழைக்கவில்லை. பெண்.

உடம்பு தேறி மலையேறி வந்தேன். நீ களத்தில் நின்றுகொண்டிருந்தாய். என் இடுப்பில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "ஒரு மணிகூட நனையலை" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அந்தச் சாமையைத்தான் வருடம் முழுக்கக் குத்தினேன், பொங்கினேன், உனக்குப் போட்டேன், நானும் தின்றேன். நமக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. நீ ஊதினாய், நான் எழுந்தேன். எத்தனையோ வருடம்.

பிறகு உன் முறை வந்தது. மிளகு காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே சாய்ந்தாய். அதே பொன்னியின் புருஷன், தலை நரைத்துப்போய், மூங்கிலோடு வந்தான். உன்னைத் தூக்கியதும் நானும் கூட நடந்தேன்.

"நீ எதுக்கு வார? மொளகு காயுது... மழை வரும்" என்றாய், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வரட்டுமுங்க" என்றேன்.

ஆசையால் வந்தேன் என்று நினைத்துவிடாதே. கூட ஒரு ஆள் நடப்பது என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு நீ சாக வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். பாதி மலை இறங்கியதும் உன் வலி கூடியது. கம்பளிக்குள்ளிருந்து உன் கை வெளியே வந்து துழாவியது. என் மணிக்கட்டு அகப்பட்டதும் பிடித்துக்கொண்டாய். எலும்பு நொறுங்கும் போல இருந்தது. "உட்றாத புள்ள" என்றாய். அடிவாரம் சேரும் முன்பே போய்விட்டாய். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என் கையை எடுக்க வேண்டியிருந்தது. மேலே மிளகு முழுவதும் நனைந்து பூசணம் பிடித்துக் கிடந்தது. வாரிக் கொட்டினேன்.

இப்போது மாத்தாளுக்குப் போகிறேன், கதை பேசுகிறேன். ஊற்றிலிருந்து ஒரே குடத்தோடு வருகிறேன், சில நாள் அதுவும் பாதிக் குடம். எல்லாம் ஆறிவிட்டது என்று பொன்னி நினைக்கிறாள். ஆறவில்லை. உனக்கு ஒருத்தர் கையைப் பிடிக்கத் தெரியாது என்று நம்பித்தான் அத்தனை வருடம் உன்னோடு குடித்தனம் செய்தேன். அந்தக் கை, என்னை மூங்கிலில் தூக்கிய அன்றைக்கும் உனக்கு இருந்திருக்கிறதே.