ரொட்டி கொடுத்தவருக்குச் சொன்ன நன்றி

அனுப்புநர்
ஷகூஃபா, த/பெ நவ்ரோஸ் அலி,
கன்டெய்னர் 4, அகதிகள் முகாம்,
லெஸ்போஸ் தீவு, கிரீஸ்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
புகலிட மேல்முறையீட்டுக் குழு,
ஏதென்ஸ்.

பொருள்: துருக்கி எங்களுக்குப் பாதுகாப்பான நாடு எனக் கூறி, எங்கள் புகலிட மனுவை விசாரிக்காமலே தள்ளிய முடிவை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் ஆப்கானிஸ்தானின் கஸ்னியைச் சேர்ந்த ஹசாரா சிறுபான்மை இனத்தவர். ஊரை விட்டு ஏன் ஓடி வந்தோம் என்று இத்தீவில் எவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வழியில் தங்கிய துருக்கியைப் பற்றி.

2. "துருக்கியில எப்படி நடத்தினாங்க?" என்றார் அதிகாரி. "நல்லா பார்த்துக்கிட்டாங்க சாகிப். அவங்க ரொட்டியச் சாப்பிட்டிருக்கோம், குறை சொல்லக்கூடாது" என்றார் என் தந்தை. அந்த நாடு எங்களுக்குப் பாதுகாப்பானது என்ற முடிவு இந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது.

3. அந்த ரொட்டியைக் கொடுத்தவர் இஸ்தான்புல்லில் ஒரு தையற்கூடத்தின் உரிமையாளர். அவருடைய நிலவறையில் ஒளிந்திருந்து தைத்தோம். தம்பி மஹ்தி நூல் வாங்க வெளியே போனான். பேப்பர் இல்லை என்று துருக்கி போலீசார் பிடித்து, காபூலுக்கு விமானம் ஏற்றினார்கள். இறங்கியதும் ஒருமுறை பேசினான். பிறகு அவன் எண் ஒலிக்கவில்லை.

உண்ட வீட்டின் குறையை வெளியாரிடம் சொல்வது எங்களிடையே வழக்கமில்லை. தந்தை ஒரு மனிதருக்கு நன்றி சொன்னார். அது ஒரு நாட்டுக்கான நற்சான்றாகிவிட்டது.

4. மஹ்தியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று தந்தையிடம் கோபப்பட்டேன். "அந்த அதிகாரி அதைக் கேட்கலையேம்மா. சோறு போட்டவன் பேரைக் கெடுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்றார். பாதியில் நின்ற அந்தச் சட்டப் படிப்பைக் கொண்டுதான் இந்த மனுவை எழுதுகிறேன்.

5. துருக்கி எங்களைத் திரும்ப ஏற்பதில்லை. கிரீஸ் எங்களை விசாரிப்பதில்லை. வழியில் தங்கிய மூன்றாம் நாடு திரும்ப உள்ளே விடாதபோது மனுவை இங்கேயே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். கதவைத் திறந்தால் கடலுக்கு அப்பால் துருக்கியின் மலை தெரிகிறது. மூடியே வைத்திருக்கிறோம். மனு தள்ளப்பட்டதால், உணவு வரிசையில் எங்கள் அட்டை செல்லாது என்கிறார்கள். பக்கத்துக் கன்டெய்னரில் இருப்பவர்கள் பங்கு தருகிறார்கள். தந்தை அவர்களையும் வாழ்த்துகிறார்.

6. ஆகவே, மேற்படி முடிவை ரத்து செய்து, எங்கள் மனுவை முழுமையாக விசாரிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அந்த விசாரணையில், துருக்கி எப்படி இருந்தது என்று என் தந்தையிடம் கேட்க வேண்டாம். அவர் மீண்டும் நன்றிதான் சொல்வார்.

மஹ்தி எங்கே என்று கேளுங்கள்.

இடம்: லெஸ்போஸ்
நாள்: 14.02.2023

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஷகூஃபா
தந்தைக்காகவும், தம்பிக்காகவும்