மஞ்சள் பட்ட ஓட்டு

என்னைத் தூக்கித் தூக்கியே ஒரு பக்கம் சாய்ந்து நடந்த கோமதி அக்காவுக்கு,

நீ போன இடத்துக்குத் தபால் போகுமோ போகாதோ, எழுத உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்து கோழி கிண்டியது போலத்தான் இருக்கும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், நீ ஐந்தோடு நின்றவள். அதனால் குறை சொல்ல உனக்கு வழியில்லை.

ஆனாலும் நீ என்னை முந்திவிட்டாய். அறுபத்தாறு வயதில் அமெரிக்காவில், டெக்சாஸில் குடியுரிமைப் பரீட்சையில் தேறி அந்த நாட்டுக்காரி ஆனவள் அல்லவா? பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து நூறு கேள்விக்கும் பதிலை நெட்டுருப் போட்டாய். முடிந்ததும் போனில், "ஏலே லிங்கம், நான் பாஸாயிட்டேன்" என்று கத்தினாய். நான் சும்மா இருப்பேனா? "யக்கா, பிட்டு எதுல மறைச்சுக் கொண்டு போன, சேலையிலயா?" என்றேன். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

பிறகு அந்த ஜனாதிபதித் தேர்தல் வந்தது. வயதானவர்களுக்கு ஓட்டு வீட்டுக்கே கவரில் வரும் என்றாய். உன் மகன் குமார் உன்னிடம், "இந்த மாநிலத்துல எப்பவும் ஒரே கட்சிதாம்மா ஜெயிக்கும். நீ போட்டாலும் ஒண்ணு, போடாட்டாலும் ஒண்ணு" என்று சொன்னானாம். நீ கேட்கவில்லை. உனக்குப் பக்கத்து வீட்டு மரியாதான் பெரிதாக இருந்தாள். வீடு வீடாகத் துடைத்துக் கழுவப் போகிறவள். உனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு உன் பாஷை தெரியாது. இரண்டு பேரும் முறுக்கைக் கடித்துக்கொண்டே கையால் பேசிக்கொள்வீர்களாம்.

"அவ புருசனுக்கு இந்த நாட்டுல இருக்கக் காயிதம் சரியில்லையாம்லே. இவனுவ ஜெயிச்சா அவனப் பிடிச்சு அனுப்பிருவானுவளாம். என் ஒத்த ஓட்டு அவளுக்குத்தான்" என்றாய்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஸ்டாப்பில் லோடு ஆட்டோவை ஓரங்கட்டி, பூ மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல நாக்கு துறுதுறுத்தது.

"யக்கா, கவருக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுனியா?"

"போலே, கேலி பண்ணாத."

"நெசமாத்தான் சொல்லுதேன். நம்ம வீட்டுல இருந்து மஞ்சள் தடவாம என்னைக்கு நல்ல காயிதம் வெளிய போயிருக்கு? உன் கல்யாணப் பத்திரிகைக்கு நாந்தான தடவுனேன்."

போனில் கவர் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாம்லே, எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றாய்.

நான் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். நீ நிஜமாகவே குழைத்துத் தடவுவாய் என்று எனக்குத் தெரியாதா அக்கா? தெரிந்துதான் சொன்னேனோ? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

பத்தே நாளில் உனக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. உன்னை அங்கேயே எரித்தார்கள், உன் முகத்தை நான் செல்போனில்தான் கடைசியாகப் பார்த்தேன். காரியம் முடிந்து குமார் தபால் பெட்டியைத் திறந்தபோது ஓட்டு ஆபீஸ் கடிதம் கிடந்ததாம். கவரில் கறை பரவி உன் கையெழுத்தும் அடையாள நம்பரும் தெரியவில்லை, இன்ன தேதிக்குள் வந்து சரி செய்து கொடுக்கவும் என்று. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே அந்தத் தேதி போய்விட்டது.

"மாமா, அம்மா ஓட்டுல மஞ்சளத் தடவியிருக்காங்க. யாரு மாமா இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று போனில் அழுதான்.

"உங்கம்மா புத்தி தெரியாதா மாப்ள?" என்றேன்.

செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டேன் அக்கா. நீ எழுந்து வந்து மறுக்கவா போகிறாய் என்ற தைரியம்.

முடிவு வந்த காலையில் நான் சந்தையில் பூ இறக்கிக்கொண்டிருந்தேன். டெக்சாஸ் எப்போதும் போன பக்கமே போனது. லட்சக்கணக்கில் வித்தியாசம். உன் ஓட்டைச் சேர்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொல்லி மனசைத் தேற்றப் பார்க்கிறேன், தேறவில்லை. நாட்டிலும் அந்தக் கட்சியே ஜெயித்தது. அவர்கள் பதவிக்கு வந்ததும் மரியாவின் புருஷனை வேலைக்குப் போன இடத்திலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அவள் வீட்டு ஜன்னல் திரை பகலிலும் திறப்பதில்லை என்கிறான் குமார்.

இப்போது நம் ஊர்ச் செய்தி. இங்கேயும் தேர்தல் வருகிறது, வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. நீ அந்த நாட்டுக்காரி ஆன அன்றைக்கே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் யாரும் செய்யவில்லை. நேற்று நம் தெருக் கட்சிக்காரர் பட்டியலோடு வந்தார்.

"அண்ணாச்சி, அக்கா ஓட்டு சும்மாதான கெடக்கு? வீட்டுல ஒரு பொம்பளையாள அனுப்பிப் போட்டுருவமா?"

பழைய நான் என்றால் இதற்கே பத்துக் கேலி சொல்லியிருப்பேன். நேற்று ஒன்றுதான் வந்தது.

"வே, அவ உசுரோட இருந்து போட்ட ஓட்டே செல்லல. செத்த பெறவு போடுதது மட்டும் செல்லணுமாக்கும்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

உன் பெயரை எடுக்க உன் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். அதைக் குமாரிடம்தான் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தை மடித்ததும் போன் போடுகிறேன். சான்றிதழுக்கு முன்னால் மஞ்சள் கதையைச் சொல்வேன். அவன் திட்டுவான், அழுவான், வைத்துவிட்டும் போவான். நடுவில் ஒரு கேலி சொல்லித் தப்பிக்க மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் சத்தியம். உன் பெயரில் வேறு யாரும் விரலில் மை வைத்துக்கொள்ளவும் விடமாட்டேன்.

நீ இறக்கிவிட்டும் நடக்கத் தெரியாத உன் தம்பி,
லிங்கம்
சங்கரன்கோவில்