செல்வி சொன்னதும் நான் எழுதியதும்

ஐப்பசி, செவ்வாய். மழை.

எழுந்ததும் முதல் வேலை, ஜன்னலடியில் கிடந்த அகராதியைத் துடைத்தது. ஓரமெல்லாம் ஊறிவிட்டது. பக்கத்து வீட்டுத் தறிக்குழியிலும் ஈரம், சத்தமே இல்லை.

வக்கீல் ஆபீஸ். தென்னேரி செல்வி நேற்று வந்து சொன்னதைக் கோர்ட்டுக்காக ஆங்கிலமாக்க வேண்டும். அவள் புருஷன் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் பெல்ட்டில் சிக்கிச் செத்தார். முந்தின ராத்திரி அவளிடம் சொன்னது:

“பெல்ட்டு கிழிஞ்சிக்கினு இருக்குது. ஓனராண்ட சொன்னேன். ஓட்டு, பாத்துக்கலாம்ன்றாரு.”

‘சொன்னார்’ வந்துவிட்டால் ஆங்கிலத்தில் உள்ளே இருக்கும் வினையெல்லாம் காலத்தில் ஒரு படி பின்னால் போகும். ‘இஸ்’ என்பது ‘வாஸ்’. இன்னும் உண்மையாக இருப்பதை மட்டும் அப்படியே விடலாம். அந்தக் கிழிந்த பெல்ட் இன்னும் அங்கேதான் தொங்குகிறதாம். ஆள்தான் இல்லை.

‘வாஸ்’ போட்டேன்.

புதன். தூறல்.

காபிப்பொடி. கரன்ட் பில். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

என் பிரதியில் வக்கீல் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ஓனரிடம் சொன்னபின் பெல்ட் மாற்றப்பட்டிருந்தது என்றும் கணவர் சொன்னாராம். ‘ஹேட் பீன்’. இலக்கணம் சுத்தம். அப்படியானால் தப்பு செத்தவருடையது.

“சார், அந்தம்மா இத சொல்லவே இல்லியே.”

“நீங்க டென்ஸ மட்டும் பாருங்கமா. மீதிய நான் பாத்துக்கறேன்.”

குமாஸ்தா சிரிப்பு. “உட்டா மேடம் ஜட்ஜுக்கே கிராமர் கிளாஸ் எடுப்பாங்க சார்.”

மத்தியானம் மில் ஓனரின் கார். வக்கீலே போய்க் கதவைத் திறந்துவிட்டார். இவர் செல்வியின் வக்கீல்.

வியாழன். மழை வெறித்தது.

செல்வி போனில். “மேடம், அவரு சொன்னத அப்பிடியே எழுதிட்டீங்களா? அது ஒண்ணுதாம்மா என்னாண்ட இருக்குது.”

“எழுதியாச்சும்மா.”

பொய் இல்லை. முழுசும் இல்லை.

கடைசித் தாளில், ‘தமிழில் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்.’ அதன் கீழே செல்வியின் கையெழுத்து. திங்களன்றே வாங்கியது, மேலே ஒன்றும் எழுதாத தாளில். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். இன்னொரு தரம் பஸ் ஏறி வரவேண்டாமே என்று. யாருக்கும் எதையும் படித்துக் காட்டியதில்லை.

மொழிபெயர்த்தவர் கையெழுத்து மட்டும் பாக்கி. என்னுடையது.

வெள்ளி. மறுபடி மழை. தறி இன்றும் ஓடவில்லை.

வக்கீல்: “கையெழுத்து போட்டுட்டீங்களாமா?”

“திங்கக்கிழமை தரேன் சார்.”

தலைவலி. சாப்பிடவில்லை.

தாள்கள் பையில், பிளாஸ்டிக் கவருக்குள். குடை. நாளைக் காலை தென்னேரி பஸ். செல்விக்கு வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டப்போகிறேன், சேர்த்த வரியையும். அம்மாவிடம் ரேஷன் கடை என்று சொல்லிக்கொள்ளலாம்.