உன் ஜன்னலில் கட்டிய கயிறு

என் மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய், இருக்கவும் வேண்டும். இங்கே சுகம் என்று பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று போனில் உன் அப்பாவிடம், "ஒரு குரங்குதானேப்பா, விடுங்க" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து என் வயிறு எரிகிறது. போனில் கத்தினால் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி. வாசலில் நின்ற மரத்தை வெட்டச் சொல்லி உன்னை யார் கேட்டது? கருமுகக் குரங்குகள் தகரக் கூரையில் குதிக்கின்றன, தூக்கம் போகிறது என்று நான் சொன்னது புலம்பல், மனு இல்லை. நீ பெரிய மனுஷன் மாதிரி அங்கிருந்தே மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டு, நான் தையல் கடையிலிருந்து திரும்புவதற்குள் அடியோடு அறுக்க வைத்துவிட்டாய். அவை ஒருநாளாவது நம் சமையலறைக்குள் வந்ததுண்டா? இலையும் கொழுந்தும் தின்றுவிட்டு, ரோட்டுக்கு மேல் நீண்டிருந்த அதன் கிளை வழியாகவே தாண்டி மலையடிக் காட்டுக்குப் போய்விடும். கிளை போனதும் தரையில் இறங்கிக் கடக்க வேண்டியதாயிற்று. பஸ் வளைவில் திரும்பியபோது குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தாய் நடு ரோட்டில் நின்றது. அந்த பஸ்ஸை ஓட்டி வந்தது உன் அப்பா. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷன்டா அவர். குட்டி மட்டும் பிழைத்தது, அவற்றின் கூட்டத்திலிருந்து இன்னொரு பெண் குரங்கு வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. "நம்ம வாசல்லயே, என் கையாலயே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று டிப்போவில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மரத்தைப் பற்றி உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கமாட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன்.

இப்போது மாடியில் உன் அறை ஜன்னல் கம்பியில் தடித்த கயிற்றைக் கட்டி, ரோட்டுக்கு மேலாக எதிர்மரம் வரை இழுத்திருக்கிறார். நாள் முழுக்க உன் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்க்கிறார், சாப்பாடும் அங்கேதான். "அதுங்க இதுல போகட்டும், அப்புறம் நான் வண்டியில ஏறுறேன்" என்கிறார். இன்று காலை ஒன்று வந்து கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. தட்டைக் கீழே வைத்து எழுந்தவர் வெகுநேரம் உட்காரவேயில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நூறு வயசு நன்றாக இரு, கோபத்திலும் அதைத்தான் சொல்ல வருகிறது. வீட்டுக்கு வந்தால் உனக்குக் கூடத்தில்தான் பாய், அந்த ஜன்னல் பக்கம் போகக்கூடாது. அடுத்த தடவை போன் பண்ணும்போது வேலைக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டுவிடாதே. கயிற்றில் ஏதாவது போச்சா என்று கேள். அப்பாவுக்கு அது போதும். மன்னிப்பை என்னிடம் தனியாகக் கேட்டுக்கொள்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா